மூன்று நிமிடம் ஐம்பது நொடிக் கறுப்பு

2005 பிப்ரவரி 3ஆம் தேதி தென்கொரியத் திரையரங்குகளில் இம் சாங்-சூவின் படம் வெளியானபோது, அதன் தொடக்கத்திலும் முடிவிலும் பிம்பங்கள் வர வேண்டிய இடத்தில் வெறும் கறுப்புதான் வந்தது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் ஐம்பது நொடி. மூன்று நாள் முன்பு, ஜனவரி 31 அன்று, சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றம் அந்தப் பகுதிகளை எடுத்துவிட்டுத்தான் படத்தைத் திரையிடலாம் என்று உத்தரவிட்டிருந்தது. வழக்குப் போட்டவர் பார்க் ஜி-மான். 1979 அக்டோபர் 26 இரவு சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி பார்க் சுங்-ஹீயின் மகன். செத்துப்போன தகப்பனாரின் மானம் போகிறது என்பது அவர் முறையீடு. தயாரிப்பாளர்களான எம்.கே. பிக்சர்ஸ், வெட்டின இடத்தை ஒட்டிச் சமாளிக்கவில்லை. வெட்டு வெட்டாகவே தெரியட்டும் என்று கறுப்பாக விட்டுவிட்டார்கள்.

படத்தின் கொரியப் பெயருக்கு 'அப்போதிருந்த அந்த ஆட்கள்' என்கிற மாதிரி அர்த்தம் வரும். ஆங்கிலத்தில் 'தி பிரசிடென்ட்ஸ் லாஸ்ட் பேங்' என்று வைத்தார்கள். ஆங்கிலத் தலைப்பில் உள்ள கொச்சையான சிலேடை கொரியத் தலைப்பில் கிடையாது. அன்றிரவு விருந்தில் பாடுவதற்கு வரவழைக்கப்பட்ட பாடகி ஷிம் சூ-பாங்கின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றின் பெயரைத்தான் இம் சாங்-சூ பன்மையாக்கியிருக்கிறார். காதலனை நினைத்துப் பாடுகிற பாட்டில் 'அந்த ஆள்' என்று இருந்தது, 'அந்த ஆட்கள்' ஆகிவிட்டது. பார்க்கின் காலம் பொற்காலம் என்று ஏங்குகிறவர்களைக் குத்துகிற பெயர் இது. வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தக் குத்து போய்ச் சேரவில்லை. கடல் தாண்டியபோது படத்திலிருந்து எதெல்லாம் உதிர்ந்தது என்று பார்க்கப் போனால், முதலில் உதிர்ந்தது இதுதான்.

நீதிமன்றம் நீக்கச் சொன்னது எதை? மூன்று ஆவணப்படத் துண்டுகளை. 1979 அக்டோபரில் பூசானிலும் மாசானிலும் மாணவர்களும் மற்றவர்களும் ஆட்சிக்கு எதிராகத் தெருவில் இறங்கிய காட்சி ஒன்று. கொலைக்குப் பிறகு கார்டினல் கிம் சூ-ஹ்வான் அஞ்சலி செலுத்துகிற காட்சி ஒன்று. சவ அடக்கத்தின்போது எடுத்த காட்சி இன்னொன்று. ஜனாதிபதி ஜப்பானிய மொழியில் பேசுவதை நீதிமன்றம் தொடவில்லை. ஜப்பானிய எங்கா பாட்டுக்கு அவர் கிறங்குவது, பெண்களை வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைப்பது, கடைசியில் அம்மணப் பிணமாகக் கிடப்பது, எதையும் தொடவில்லை. புனைவு புனைவாக இருந்துவிட்டுப் போகட்டும். நிஜமான படச்சுருளை அதன் பக்கத்தில் வைத்தால் பார்க்கிறவன் புனைவையும் நிஜம் என்று எடுத்துக்கொள்வான் என்பது தர்க்கம். ஆக, அவதூறு என்று புகார் செய்யப்பட்டதெல்லாம் படத்தில் தங்கிவிட்டது. யாராலும் மறுக்க முடியாத உண்மை மட்டும் வெளியே போனது. இப்படி ஒரு காட்சியை இம் சாங்-சூ தன் படத்திலேயே எழுதியிருந்தால், ரொம்ப மிகை என்று நாமே சொல்லியிருப்போம்.

இருந்தாலும் இந்தப் படத்துக்குக் கிடைத்த வாசிப்புகளில் ஆகக் கூர்மையானது இந்தத் தீர்ப்புதான் என்று எனக்குப் படுகிறது. தப்பான வாசிப்பு, ஆனால் விரல் வைத்தது சரியான இடத்தில். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களுமாக விமர்சகர்கள் பெரும்பாலும் அந்த விருந்து வீட்டுக்குள் நடந்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வெளியே தெருவில் நின்ற கூட்டத்தை நீதிபதிகள்தான் கவனித்தார்கள்.

கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1961 மே 16 அன்று ராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்த பார்க், 1972இல் யூஷின் அரசியல் சாசனத்தைக் கொண்டுவந்து தன்னைக் காலவரையற்ற அதிபராக்கிக்கொண்டார். ஏற்றுமதி, நெடுஞ்சாலை, எஃகு ஆலை என்று ஒரு பக்கம். சித்திரவதைக் கூடம் இன்னொரு பக்கம். பதினெட்டு வருஷம் கழித்து, ஜனாதிபதி மாளிகைக்குப் பக்கத்தில் குங்ஜாங்-தோங் என்ற இடத்தில் உளவுத்துறை வைத்திருந்த ரகசிய வீட்டில் ஒரு ராவிருந்து. பார்க், மெய்க்காவல் தலைவர் சா ஜி-சோல், தலைமைச் செயலர் கிம் கே-வொன், உளவுத்துறைத் தலைவர் கிம் ஜே-க்யூ, பாடகி, ஒரு கல்லூரி மாணவி. பூசான் கலகத்தை அடக்கத் தெரியாத ஆள் என்று உளவுத்துறைத் தலைவருக்கு ஏச்சு விழுகிறது. அவர் எழுந்து போய்த் துப்பாக்கியோடு வந்து முதலில் மெய்க்காவலரையும் பிறகு ஜனாதிபதியையும் சுடுகிறார். துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது. விளக்கு அணைகிறது. வெளியே ஓடிப்போய்த் தன் ஆளிடமிருந்து வேறு துப்பாக்கி வாங்கிக்கொண்டு திரும்பி வந்து மிச்ச வேலையை முடிக்கிறார். காலில் ஷூ இல்லாமல் காரில் ஏறுகிறார். பக்கத்துக் கட்டடத்தில் சாப்பிட வரவழைத்திருந்த ராணுவத் தளபதியையும் கூட ஏற்றிக்கொள்கிறார். நாம்சானில் உள்ள தன் சொந்தத் தலைமையகத்துக்குப் போவதா, ராணுவத் தலைமையகத்துக்குப் போவதா? காரிலேயே பேச்சு நடந்து, கார் ராணுவத்திடம் போகிறது. அன்றிரவே கைது.

இதில் எதுவும் திரைக்கதைக்காரன் கற்பனை இல்லை. சிக்கிக்கொண்ட துப்பாக்கியும் ஷூ இல்லாத காலும் வழி மாறிப்போன காரும் வரலாறே எழுதிக்கொடுத்த கோமாளித்தனங்கள். இம் சாங்-சூ செய்ததெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளாமல் இருந்ததுதான். அவருடைய எள்ளல் எங்கே இருக்கிறது என்றால், அரசு என்பது சிப்பந்திகளின் அன்றாட வேலையாக நடப்பதைக் காட்டுவதில் இருக்கிறது. ஹான் சுக்-க்யூ நடிக்கிற ஏஜென்ட் ஜூ, ஜனாதிபதிக்குப் பெண்களை ஏற்பாடு செய்து கொடுக்கிற அதிகாரி. சூயிங்கம் மென்றுகொண்டே சுற்றுகிறான். அலுத்துப்போன முகம். இன்று ராத்திரி கொலை என்று தலைவர் சொன்னதும் அவன் புரட்சியையும் யோசிக்கவில்லை, ஜனநாயகத்தையும் யோசிக்கவில்லை. எத்தனை ஆள் வேண்டும், யார் எந்தக் கதவில் நிற்பது என்று யோசிக்கிறான். பந்தி பரிமாற ஆள் போடுகிற மாதிரி கொலைக்கு ஆள் போடுகிறான்.

காத்திருப்பறைக் காட்சி ஒன்று போதும். நிஜ வாழ்வில் அந்த அதிகாரியின் பெயர் பார்க் சான்-ஹோ. ஜனாதிபதியின் மெய்க்காவலர்களில் ஒருவர் அவருடைய பழைய சிநேகிதர். இருவரும் கடற்படைக் காலாட்படையில் ஒன்றாக இருந்தவர்கள். உள்ளே துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் இவர் அவர்மேல் துப்பாக்கியை நீட்டி, அசையாதே, எல்லாரும் பிழைத்துப்போகலாம் என்று கெஞ்சினார். அசைந்தார்கள், சுட்டார். இந்த இடத்தில் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. இதற்குக் 'கறுப்பு நகைச்சுவை' என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். மேலிடத்து ஆணையை நிறைவேற்றியே பழகிய ஒருவனுக்குத் தன் சிநேகிதனைக் காப்பாற்றுவதற்குக் கூட ஆணையிடும் பாஷை மட்டும்தான் தெரிந்திருக்கிறது. படத்தின் அரசியல் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

சரி, வரவேற்புக்கு வருவோம். பழமைவாதிகளின் கோபம் எதிர்பார்த்ததே. பார்க்கின் மகள் பார்க் குன்-ஹே அப்போது முக்கிய எதிர்க்கட்சியின் தலைவர். கொரியா-ஜப்பான் உடன்படிக்கை பற்றிய பழைய கோப்புகளை அரசு திறந்ததும் அதே ஜனவரி மாதம்தான். பார்க் தன் கையால் எழுதிய குவாங்ஹ்வாமுன் பெயர்ப்பலகையை மாற்றப்போகிறோம் என்று அறிவித்ததும் அந்த மாதம்தான். எல்லாம் சேர்ந்து, படம் தேர்தல் கணக்கோடு எடுக்கப்பட்டது என்று பேச வழி செய்தது. முதலில் பணம் போட்டு விநியோகிக்கவும் இருந்த சி.ஜே. என்டர்டெயின்மென்ட், வெளியீடு நெருங்குகிற நேரத்தில் கழன்றுகொண்டது. முதலாளி பயப்படுவது செய்தி இல்லை. 1996 அக்டோபரில் கொரிய அரசியல் சாசன நீதிமன்றம் திரைப்பட முன்தணிக்கையே செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. தணிக்கை அதிகாரி ஒழிந்துபோனார். ஒன்பது வருஷம் கழித்து அவருடைய கத்தரிக்கோல் சிவில் நீதிமன்றத்தில், ஒரு வாரிசின் கையில் கிடைத்தது. அதிகாரம் இடம் மாறி உட்காரும் என்று ஃபூக்கோவைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

முற்போக்கு முகாமின் சங்கடம்தான் சுவாரஸ்யமானது. அவர்களில் சிலருக்குப் படம் போதுமான அளவு கோபமாக இல்லை. எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துக் கேலி செய்கிறது, வரலாற்றுணர்வு இல்லாத அவநம்பிக்கை இது என்று பட்டது. கிம் ஜே-க்யூ விசாரணையில், யூஷினின் இதயத்தைச் சுட்டேன், ஜனநாயகத்துக்காகச் செய்தேன் என்ற பொருள்பட வாதாடியவர். கம்போடியாவில் லட்சக்கணக்கில் கொன்றார்கள், இங்கேயும் கொன்றால் என்ன என்று சா ஜி-சோல் பேசியதாகவும் நீதிமன்றத்தில் சொன்னவர். அப்படிப்பட்டவரை பேக் யூன்-சிக் ஒரு கல்லீரல் நோயாளியாக, அவமானம் தின்ற கிழவனாக, பாதி சாமுராயாகவும் பாதி குமாஸ்தாவாகவும் நடித்துவைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் இந்த ஆட்சேபத்தில் ஒரு கோணல் இருக்கிறது. கொன்றவன் தியாகியாக இருக்க வேண்டும் என்று கேட்பது, கொல்லப்பட்டவன் தகப்பனாக இருக்க வேண்டும் என்று கேட்பதன் மறுபக்கம். இரண்டு பேருக்கும் வரலாறு என்பது பெரிய ஆட்களின் கதையாடல். உளவுத்துறைத் தலைவரே சித்திரவதைக் கூடத்தின் சாவியை வைத்திருந்தவர் என்பதை வசதியாக மறக்க வேண்டியிருக்கிறது. மறக்கவிட மாட்டேன் என்கிறது படம். இதை அவநம்பிக்கை என்று சொல்வதானால் சொல்லிக்கொள்ளட்டும்.

2005இல் கான் விழாவின் இயக்குநர்கள் இருவாரப் பிரிவிலும் நியூயார்க் விழாவிலும் படம் காட்டப்பட்டது. மேற்கத்திய விமர்சகர்கள் பாராட்டினார்கள். குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) பெயர் திரும்பத் திரும்ப வந்தது. தாதா படங்களோடு ஒப்பிட்டார்கள். பாராட்டுத்தான், ஆனால் அதிலும் ஒரு வெட்டு இருக்கிறது. குப்ரிக் படத்தின் ஜனாதிபதியும் ஜெனரலும் கற்பனை ஆட்கள், நடக்கிற அழிவு இன்னும் நடக்காதது. இங்கே நிலைமை வேறு. அந்த மேசையில் உட்கார்ந்திருந்த தலைமைச் செயலர் படம் வெளிவந்தபோது உயிரோடு இருந்தார், 2016இல்தான் இறந்தார். பாடகி உயிரோடு இருந்தார். சுட்டவர்கள் தூக்கில் தொங்கினார்கள்.

மொழியும் இருக்கிறது. ஜனாதிபதியும் உளவுத்துறைத் தலைவரும் நடுநடுவே ஜப்பானிய மொழிக்கு நழுவுகிறார்கள். பார்க், மஞ்சுகுவோ ராணுவப் பள்ளியில் சேர்ந்து, ஜப்பானிய ராணுவப் பள்ளியிலும் படித்து, தகாகி மசாவோ என்ற பெயரில் அதிகாரியாக இருந்தவர். தேசியம் தேசியம் என்று பதினெட்டு வருஷம் முழங்கிய வாய், சொந்த ஆட்களோடு சாவகாசமாக இருக்கும்போது காலனியாதிக்கக்காரன் பாஷையில் நெகிழ்கிறது. கொரியப் பார்வையாளன் காதுக்கு இது அறை மாதிரி விழும். ஆங்கில வசனவரியில் இரண்டு பாஷையும் ஒரே பாஷையாகச் சமப்பட்டுவிடுகிறது. ஸ்ட்ரேஞ்ச்லவ் என்று சொன்னவர்கள் படத்தின் பாதி அவமதிப்பைக் கேட்கவே இல்லை என்பேன். வழக்குப் போட்ட மகன் கேட்டார். காது இருந்தது அவருக்குத்தான்.

அடுத்து அந்தப் பிணம். ராணுவ மருத்துவமனையில் ஜனாதிபதியின் அம்மண உடல் கிடக்கிறது. பெரிய மனிதர்கள் சுற்றி நிற்கிறார்கள். ஒரு தொப்பி எடுத்து அவருடைய குறிமேல் வைத்து மூடப்படுகிறது. அரசனுக்கு இரண்டு உடல், ஒன்று சாகிற உடல், மற்றது சாகாத அரச உடல் என்று இடைக்காலக் கருத்தியலை விளக்கிக் கன்டோரோவிச் 1957இல் ஒரு புத்தகமே எழுதினார். இரண்டு உடலுக்கும் நடுவில் இங்கே இருப்பது ஒரு தொப்பி. பக்தின் சொல்கிற கீழுடலின் சிரிப்பு என்று இதை உடனே வகைப்படுத்தத் தோன்றும். எனக்கு அதில் தயக்கம். பக்தினின் திருவிழாச் சிரிப்பில் ஊரே சிரிக்கும். அதில் புத்துயிர்ப்பு உண்டு. இந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவசரமாக மூடுகிறார்கள், அவ்வளவுதான். அடுத்து யார் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போடுகிறார்கள். சிரிப்பதென்றால் நாம்தான் சிரிக்க வேண்டும். அப்போது கூட்டம் எங்கே என்ற கேள்வி வருகிறது.

கூட்டம் அந்த மூன்று நிமிடம் ஐம்பது நொடியில் இருந்தது. படத்தை இயக்குநர் கட்டிய விதத்தில் பாருங்கள்: முன்னால் பூசான், மாசான் தெருக்களில் எதிர்த்து நிற்கிற ஜனம், நடுவில் ஒரே ராத்திரி, நாலு சுவர், பத்திருபது ஆட்கள், பின்னால் சவ அடக்கத்தில் துக்கம் காக்கிற ஜனம். எதிர்த்தவர்கள் வேறு, அழுதவர்கள் வேறு என்று சொல்லலாம். முழுக்கவா? மூன்று வாரத்துக்குள் அதே நாடு. அதிகாரத்தை எதிர்க்கிற நெஞ்சிலேயே அதைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்திருக்கிற ஒரு மூலையும் உண்டு என்பதுதான் படத்தின் ஆகக் கசப்பான பகடி. நடுவில் இருக்கிற கோமாளிக் கூத்துக்கு அர்த்தம் கொடுப்பதே இந்த இரண்டு ஓரம். ஓரங்களை அறுத்துவிட்டால் மிச்சம் அரண்மனைக் கிசுகிசு. விமர்சகர்கள் பலர் குறை சொன்ன அந்த மூடிய தன்மை, வெளி உலகம் இல்லாத தன்மை, படம் தானாகத் தேர்ந்துகொண்டது அல்ல, நீதிமன்றம் கொடுத்தது. வெட்டப்பட்ட பிரதியை வாசித்துவிட்டு, அதில் மக்கள் இல்லையே என்று சொல்வது என்ன நியாயம்?

2006 ஆகஸ்டில் நீக்க உத்தரவு ரத்தாகி, முழுப்படமும் திரையிடத் தகுந்தது என்று ஆனது. ஆனால் மகனுக்குப் பத்துக் கோடி வோன் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. பார்க்கலாம், ஆனால் பார்ப்பதற்கு விலை உண்டு. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு படத்தை மறுபடி முழுசாக எடுத்து எழுதிய கட்டுரைகள் போதுமான அளவு வரவில்லை என்பது என் வருத்தம். வரவேற்பு என்பது முதல் வாரத்தோடு உறைந்துவிடுகிற சமாச்சாரம்.

படத்தோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. தொடக்கத்தில் நீச்சல் குளத்தோரம் மார்பு மறைக்காத பெண்கள். பிறகு ஏஜென்ட் ஜூவிடம் தன் மகளுக்காக வந்து நிற்கிற ஒரு தாய். யூன் யூ-ஜுங் நடிப்பு. அந்தத் தாயின் பேச்சில் ஆத்திரமும் பேராசையும் அவமானமும் ஒன்றாகப் புரள்கின்றன, பிரமாதம். ஆனால் குளத்தோரக் காட்சியில் காமிரா நிற்கிற இடம் ஏஜென்ட் ஜூ நிற்கிற இடம்தான். ஆளும் ஆண்களின் ஆபாசத்தை நிரூபிக்கப் பெண்ணுடலைச் சாட்சிப்பொருளாக வைக்கிறபோது, சாட்சிக்கூண்டில் ஏற்றிய பெண்ணை மறுபடி ஒருமுறை உரிப்பதாகாதா? கதையை வெளியிலிருந்து சொல்கிற குரலும் யூன் யூ-ஜுங்கினுடையதே. ஒரு பெண்ணின் அலட்சியமான, அலுத்த குரல். இயக்குநருக்கு இந்தப் பிரச்சினை தெரிந்திருக்கிறது, ஈடுகட்டப் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது. போதவில்லை. ஷிம் சூ-பாங் அந்த ராத்திரி அங்கே பாடிய குற்றத்துக்காகச் சில வருஷங்கள் ஒலி, ஒளிபரப்புகளில் வராமல் தடுக்கப்பட்டார். பாட்டின் தலைப்பை எடுத்துக்கொண்ட படத்தில் இந்தத் தண்டனைக்கு இன்னும் இடம் இருந்திருக்க வேண்டும். ஆண் விமர்சகர்கள் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பார்க் குன்-ஹே 2012 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதியானார். அவருடைய ஆட்சி கலைஞர்களின் கறுப்புப் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது 2016இல் அம்பலமானது. 2017 மார்ச்சில் பதவி பறிபோனது. அதன் பிறகு, 2020 ஜனவரியில், அதே கொலையைப் பற்றி உ மின்-ஹோவின் 'தி மேன் ஸ்டேண்டிங் நெக்ஸ்ட்' வந்தது. லீ பியுங்-ஹுன் உளவுத்துறைத் தலைவர். கொலைக்கு முந்தைய நாற்பது நாளை இறுக்கமான மனப் போராட்டமாகச் சொல்கிற படம். நல்ல படம்தான், இல்லை என்று சொல்லவில்லை. கூட்டமும் வந்தது, கொரியா அதை ஆஸ்காருக்கும் அனுப்பியது. ஷூ இல்லாத கால் அங்கேயும் வருகிறது. ஆனால் அங்கே அது விதியின் கால். பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். துரோகம், விசுவாசம், தனிமை என்று கொன்றவனுக்கும் கொல்லப்பட்டவனுக்கும் ஒரு கனம் வந்துவிடுகிறது. அவலச்சுவை எல்லாருக்கும் மரியாதை செய்கிறது. அதனால்தான் எல்லாராலும் தாங்க முடிகிறது. 2005இன் எள்ளல் யாருக்கும் நாற்காலி போடவில்லை. இரண்டையும் ஒப்பிட்ட பேச்சுகளில் பின்னது 'பக்குவமானது' என்று சொல்லக் கேட்கும்போது எனக்கு அந்தத் தொப்பிதான் ஞாபகம் வருகிறது.

2020இல் கிம் ஜே-க்யூவின் குடும்பத்தார் மறுவிசாரணை கேட்டார்கள். 2025 பிப்ரவரியில் சியோல் உயர்நீதிமன்றம் அதற்குச் சம்மதித்தது. 1980 மே 24 அன்று அவரோடு சேர்த்துத் தூக்கிலிடப்பட்டவர்கள் இன்னும் நாலு பேர்: ஏஜென்ட் ஜூவுக்கு மூலமான பார்க் சான்-ஹோவும் அவருக்குக் கீழே வேலை பார்த்த மூன்று பேரும். ராணுவ அதிகாரியாக இருந்த உதவியாளர் பார்க் ஹுங்-ஜூவை மார்ச் 6 அன்றே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மே 24 அன்று குவாங்ஜூ நகரம் ஜனங்களின் கையில் இருந்தது. சுன் டூ-ஹ்வானின் ராணுவம் ஊருக்கு வெளியே நின்றது. மூன்று நாள் கழித்து உள்ளே புகுந்தது. படத்தின் கடைசியில் அந்தப் பெண் குரல் யார் யாருக்கு என்ன ஆனது என்று சொல்லிக்கொண்டு போகிறது. அடிமட்டத்து ஆட்களின் முறை வருகிறபோதும் அதே அலுத்த தொனிதான். அது முடிந்த பிறகு வர வேண்டிய அழுகிற கூட்டத்தைத்தான் 2005 பிப்ரவரியில் கறுப்பாக விட்டிருந்தார்கள்.